வாட்சின் மேல் போட்ட பழி

கைக்குழந்தையின் அக்குளில் பழுப்பும் சிவப்புமாக நாலைந்து முடிச்சுகள். ஒவ்வொன்றும் ஒரு சிறுபயறு அளவு. பிள்ளை சொறிகிறது, அழுகிறது, உறங்குவதே இல்லை. இதைப் பார்த்ததும் உங்கள் மனதில் முதலில் எந்த நோயின் பெயர் வருகிறது? ஒரே மூச்சில் சொல்ல முடியாத நீளமான பெயர் என்றால், தயவுசெய்து பேனாவை மூடி வையுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். பிறகு திரும்பவும் பாருங்கள்.

நான் அன்று தண்ணீர் குடிக்கவில்லை. அதன் கதையைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் செய்த தவறு என்றால் சொல்லிக்கொள்ள ஒரு சாக்காவது இருக்கும். இது நான் ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது நடந்தது. தலை நரைத்துவிட்டது. குளச்சலிலிருந்து தேங்காய்ப்பட்டணம் வரை 'குழந்தை டாக்டரம்மா' என்றால் ஆட்டோக்காரர் வழி கேட்காமல் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டு விடுவார். அந்தப் பெயரை ஊர் நம்பியது போதாதென்று நானும் நம்பத் தொடங்கியிருந்தேன். ஒரு டாக்டருக்கு வரக்கூடிய நோய்களில் அதுதான் மோசமானது.

டெல்பின் என்ற பெண் தன் மகன் ஆல்வினைக் கொண்டுவந்தாள். குளச்சல்காரி, முதல் பிள்ளை, கணவன் ரூபன் கல்ஃபில். பிள்ளைக்கு அப்போது ஐந்து மாதம் இருக்கும். உடம்பில் அங்கங்கே சிவப்புப் புள்ளிகள். கொசுக்கடி என்றேன். மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தாள். வேர்க்குரு என்றேன். வெயிலும் அப்போது என் கட்சியில்தான் இருந்தது. அந்தப் பிள்ளைக்கு என் மடி ரொம்பப் பிடிக்கும். வந்தால் கால் மணி நேரம் என் கையை அணைத்துப் பிடித்துக்கொண்டு, வாட்சைக் கடித்துக்கொண்டு கிடப்பான். வரிசையில் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். நான் கண்டுகொள்ள மாட்டேன்.

மூன்றாவது முறை அவள் வந்தபோது பிள்ளைக்கு ஏழு மாதம். அக்குளிலும் தொடை இடுக்கிலும் முடிச்சுகள் வந்திருந்தன.

"டாக்டரம்மா, பிள்ள ஒறங்கவே மாட்டேங்கான். ராத்திரி பூரா உடம்ப பாயில போட்டு உரசிக்கிட்டே கெடக்கான். நானும் ஒறங்கி ரெண்டு மாசமாச்சு" என்றாள். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது.

"வீட்டில வேற யாருக்காவது அரிப்பு இருக்கா?"

"இல்ல டாக்டரம்மா."

"வீட்டில எத்தன பேரு?"

"நானும் இவனும்தான். இவனுக்க அப்பா ஞானஸ்நானத்துக்கு வந்திட்டுப் போனதோட சரி."

"ஏதாவது மருந்து போட்டியா?"

"அவரு குடுத்துவிட்ட ட்யூப் போடுகேன். போட்டா ரெண்டு நாளு கேக்கும். பொறவு திரும்பவும் வந்திரும்."

கடற்கரையில் வேலை பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கல்ஃபிலிருந்து வந்த ட்யூப் என்றால் அதற்கு இங்கே தனி மரியாதை. மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். அதில் முக்கால்வாசி ஸ்டீராய்டு. அரிப்பை அமுக்கும், தோலின் முகத்தையும் மாற்றிவிடும். பிறகு அந்தத் தோல் என்ன சொல்ல வருகிறது என்று நமக்கே புரியாது. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துமா என்று கேட்காதீர்கள். தெரிந்தும்தான்.

அதற்கு முந்தைய வாரம் நான் திருவனந்தபுரத்தில் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தேன். குழந்தைகளின் தோலில் மாஸ்ட் செல் என்கிற அணுக்கள் கூடி முடிச்சாகும் நோயைப் பற்றி அங்கே ஒருவர் படம் போட்டுக் காட்டினார். அந்த முடிச்சை விரலால் தேய்த்தால் சிவந்து தடிக்கும், அதுதான் அடையாளம் என்றார். மத்தியானம் பிரியாணி. இரண்டையும் திருப்தியாக உள்ளே தள்ளிவிட்டு வந்திருந்தேன். இரண்டும் இன்னும் செரித்திருக்கவில்லை.

ஆல்வினின் முடிச்சு ஒன்றைத் தேய்த்தேன். சிவந்தது. இரண்டு மாதமாகச் சொறிந்து புண்ணாக்கின தோலை யார் தேய்த்தாலும் சிவக்கும். எனக்கு அது தடித்த மாதிரியும் தெரிந்தது. பார்க்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் கண் சொன்னபடி கேட்கும்.

"இது சாதாரண அரிப்பு இல்ல மக்கா. ரத்தத்தோட சம்பந்தப்பட்ட நோயா இருக்கலாம். தோலில ஒரு துண்டு எடுத்து திருவனந்தபுரத்தில சோதிச்சுப் பாக்கணும்" என்றேன்.

"கேன்சரா டாக்டரம்மா?"

"இப்ப எதுவும் சொல்ல முடியாது" என்றேன்.

நம் தொழிலில் இதைவிடக் கொடுமையான வாக்கியம் கிடையாது. ஜாக்கிரதையாகப் பேசுகிறோம் என்று நமக்கு ஒரு நினைப்பு. கேட்கிற தாய்க்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். டெல்பின் அழக்கூட இல்லை. பிள்ளைக்குக் குல்லாயை இழுத்துவிட்டு, சாக்ஸைச் சரிசெய்து, துண்டால் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். திங்கட்கிழமை திருவனந்தபுரம் போவதென்று ஏற்பாடாயிற்று.

வெள்ளிக்கிழமை பரிந்துரைக் கடிதம் வாங்க வந்தாள். ஒரு வாரத்தில் பாதியாக வற்றியிருந்தாள். கூடவே அவள் நாத்தனார் லில்லி வந்திருந்தாள். ரூபனின் அக்கா, பக்கத்து வீடு. ஏலத்தில் மீன் எடுத்து அருமனைச் சந்தை வரை கொண்டுபோய் விற்கிறவள். ஏலக்கூடத்து இரைச்சலில் பேசிப் பழகிய தொண்டை. அவள் மெதுவாகப் பேசுவதாக நினைத்துப் பேசினால் எங்கள் மருந்தகத்தில் பதில் சொல்வார்கள்.

"டாக்டரம்மா, தம்பி வேலைய விட்டுட்டு வாறானாம். நாளைக்குக் கம்பெனியில எழுதிக் குடுக்கப் போறான். பாதியில விட்டா திரும்ப எடுக்க மாட்டாங்களாம். பிள்ளைக்கு ஒண்ணுன்னா வேலை என்னத்துக்கு, மயித்துக்குன்னு கெடந்து கத்துகான். வரட்டா, வேண்டாமா? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

நான் போகிறபோக்கில் சொன்ன வார்த்தை கடல் தாண்டிப் போய் ஒருவன் பிழைப்பில் கை வைத்திருந்தது. திங்கட்கிழமை தெரிந்துவிடும் என்று ஏதோ முனகிவிட்டுக் கடிதம் எழுதக் குனிந்தேன். ஆல்வின் வழக்கம்போல என் மடியில் இருந்தான்.

"டாக்டரம்மா, நீங்களும் ஐஸ்லயா கையப் போடுதிய?" என்றாள் லில்லி.

"என்னது?"

"இல்ல, வந்ததுலேருந்து பாக்கேன். எழுதுகத விட சொறியுகதுதான் கூடுதலா இருக்கு. எனக்கும் இப்பிடித்தான். மீன்காரிக்கு ஐஸ் கடிக்கும். டாக்டருக்கு என்ன கடிக்கி?"

அப்போதுதான் பார்த்தேன். வாட்சைக் கழற்றி மேசையில் வைத்திருந்தேன். வலது கை எழுதவில்லை. இடது மணிக்கட்டைப் பிராண்டிக்கொண்டிருந்தது. மூன்று வாரமாக எனக்கு அங்கே அரிப்பு. தோல் வார் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஸ்டீல் வார் மாற்றினேன். ஸ்டீலும் ஒத்துக்கொள்ளவில்லை என்று துணி வார் மாற்றினேன். வாட்சையே மாற்றிவிடலாம் என்று கடையில் விசாரித்தும் வைத்திருந்தேன். முப்பது வருடம் தோலைப் பார்த்துத் தின்ற சோறு, சொந்தத் தோலைப் பார்க்க உதவவில்லை.

"கையக் காட்டு" என்றேன் லில்லியிடம்.

காட்டினாள். விரலிடுக்கெல்லாம் சின்னச் சின்னக் கொப்புளம், பொருக்கு, கோடு. "இது ஐஸும் உப்பும் கடிச்சது டாக்டரம்மா. ஏலக்கூடத்தில எல்லாருக்கும் உண்டு. இது ஒரு சீக்கா?" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. டெல்பினும் பொய் சொல்லவில்லை. ஐஸ் கடிப்பதை இங்கே யாரும் அரிப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது தொழிலோடு வந்தது. பக்கத்து வீட்டில் யாருக்காவது உண்டா என்று நான் கேட்கவும் இல்லை, லில்லி என் கேள்வியில் இருந்த 'வீட்டில்' இருப்பவளும் இல்லை. ஆனால் ஆல்வினைப் பாதி நாள் தூக்கி வளர்ப்பவள் அவள்தான்.

குனிந்து மடியில் இருந்தவனைப் பார்த்தேன். காலில் மஞ்சள் சாக்ஸ். அதுவும் அப்பா அனுப்பியது. மூன்று தடவை பார்த்த பிள்ளை. ஒரு தடவைகூட நான் அந்தச் சாக்ஸைக் கழற்றியதில்லை.

நான் படிக்கும்போது ஒரு பேராசிரியர் இருந்தார். எங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார், கழுதை என்றுதான் கூப்பிடுவார். "பிள்ளையை வாழைப்பழத்தை உரிக்கிற மாதிரி உரிச்சுட்டுப் பாரு கழுதை. தோல் வெளியில தெரியலேன்னா நீ என்னத்தைப் பாக்குற?" என்று வார்டே அதிரக் கத்துவார். சாக்ஸைக் கழற்றும்போது அந்தக் குரல் கேட்டது. இரண்டு உள்ளங்காலிலும் சீழ்க்கொப்புளங்கள், கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாலும் தெரிகிற அளவுக்கு.

லில்லியின் விரலிடுக்கிலிருந்து சுரண்டி, பரிசோதனை அறைக்குக் கொண்டுபோய் மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். எட்டுக் கால்களோடு குண்டாக, தன் வீட்டில் இருப்பதுபோல அவ்வளவு நிம்மதியாக இருந்தது அந்தச் சிரங்குப் பூச்சி. பேனைப் பெருமாளாக்குவது என்பார்கள். நான் அதைவிடச் சின்னதைப் பெருமாளாக்கித் திருவனந்தபுரத்துக்கு ரதயாத்திரை வேறு ஏற்பாடு செய்திருந்தேன்.

சந்தோஷம் தாங்கவில்லை. என் அறைக்குத் திரும்பி நுழைந்ததும் "டெல்பின், பயப்பட ஒண்ணுமே இல்ல, இது வெறும் சிரங்கு!" என்றேன். அவள் கும்பிடுவாள், குறைந்தபட்சம் அழுவாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் எழுந்து நின்றாள்.

"சிரங்கா? எனக்க பிள்ளைக்கா? மூணு நேரம் வெந்நியில குளிப்பாட்டுகேன். ஒரு துணிய ரெண்டாவது தடவ போடமாட்டேன். எங்க வீட்டப் பத்தி என்ன நெனச்சிய டாக்டரம்மா? கடப்பொறத்துக்காரின்னா அழுக்கா?" என்றாள். கடிதத்துக்குக் கையை நீட்டினாள். "நீங்க எழுதினதத் தாங்க. நாங்க திருவனந்தபுரம் போறோம்."

பெரிய நோய் என்றபோது தலை குனிந்து ஏற்றுக்கொண்டவள், சின்ன நோய் என்றதும் கொதித்துவிட்டாள். இதை நீங்கள் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ரத்தத்தில் நோய் என்றால் ஊர் வந்து ஆறுதல் சொல்லும், கோவிலில் பெயர் சொல்லி செபம் வைப்பார்கள். சிரங்கு என்றால் ஊர் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாலடி தள்ளி நிற்கும். அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அவள் அப்படியே போனால் திங்கட்கிழமை பிள்ளையின் தோலில் கத்தி படும். அதற்கு முன்பே, நாளைக்கு, ரூபன் எழுதிக் கொடுத்துவிடுவான்.

நான் என் மணிக்கட்டைத் தூக்கினேன். எங்கள் நர்ஸ் வசந்தா பின்னாலிருந்து சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"மேடம், வேண்டாம். வெளிய தெரிஞ்சா திங்கக்கிழமை ஓ.பி.யில ஒரு பிள்ளையைக் கொண்டுவர மாட்டாங்க" என்று காதில் சொன்னாள். அவள் சொன்னதும் நியாயம்தான். ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதை மறைக்கமாட்டேன். முப்பது வருடப் பெயர். அதைச் சிரங்கோடு சேர்த்துச் சொல்வதற்கு நாக்கு எழவில்லை.

பிறகு சொன்னேன். "டெல்பின், இங்க பாரு. எனக்கும் இருக்கு. உன் பிள்ளை எனக்குத் தந்தானோ, நான் யாருக்காவது தந்தேனோ, தெரியாது. நானும் தினம் ரெண்டு நேரம் குளிக்கிறவதான். இது அழுக்கில வாறது இல்ல. ஒருத்தரை ஒருத்தர் கட்டிப் பிடிச்சுக்கிட்டா வரும். நான் ரத்தநோய்னு சொன்னது தப்பு. சாக்ஸக்கூட கழற்றிப் பாக்காம சொன்ன தப்பு."

டெல்பின் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். லில்லிதான் முதலில் வெடித்துச் சிரித்தாள்.

"ஏட்டி டெல்பினு, உக்காரு. டாக்டரம்மாவுக்கே சிரங்கு. நமக்கென்ன கொம்பா மொளச்சிருக்கு?"

டெல்பின் உட்கார்ந்தாள். தன் நைட்டியின் கையை மெல்ல விலக்கி முழங்கையைக் காட்டினாள். அங்கேயும் இருந்தது. "பிரசவச் சூடுன்னு நெனச்சேன்" என்றாள் சின்னக் குரலில். எனக்கு வாட்ச், லில்லிக்கு ஐஸ், இவளுக்குச் சூடு. ஆளுக்கொரு சாக்கு வைத்திருந்தோம். ஏழு மாதப் பிள்ளைக்கு மட்டும் சாக்கு சொல்லத் தெரியவில்லை.

ரூபனை வீடியோவில் கூப்பிட்டாள். போனை என்னிடம் தந்தாள். "தம்பி, நான் சொன்னது தப்பு. இது சிரங்கு. வேலைய விடாத" என்றேன். அவன் போனை வாய்க்கருகில் கொண்டுவந்து, "டாக்டரம்மா, ஒண்ணு சொல்லட்டா? ஞானஸ்நானத்துக்கு வந்தப்பவே எனக்கு இருந்துது. இங்க ரூம்ல பன்னெண்டு பேருக்கும் உண்டு. எங்களுக்குக் கேட்டுதேன்னுதான் அந்த ட்யூப குடுத்துவிட்டேன்" என்றான். அரிப்பையும் கொண்டுவந்து, அதை மறைக்கிற மருந்தையும் அனுப்பியிருக்கிறான் மகராசன். திட்ட வாய் வரவில்லை. அவன் அழுதுகொண்டிருந்தான். பன்னிரண்டு பேரும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும் என்று சொல்லி, மருந்தின் பெயரை எழுதி அனுப்பினேன்.

அடுத்து, முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். வீட்டில் எத்தனை பேர் என்று இல்லை. "காலையில கண்ணு முழிச்சதுலேருந்து இவன் யார் யார் இடுப்புல இருப்பான்?" என்று கேட்டேன். லில்லி விரல் விட்டு எண்ணினாள். எண்ண எண்ண விரல் போதவில்லை. இரண்டு பேர் இருந்த வீடு பதினொன்றாயிற்று. நானும் வசந்தாவும் சேர்ந்து பதின்மூன்று. கடற்கரைப் பிள்ளை தரையில் கிடப்பதே அபூர்வம். அவன் எல்லாருக்கும் பிள்ளை, அதனால் மருந்தும் எல்லாருக்கும்தான். ஒருவர் விட்டாலும் பத்து நாளில் பூச்சி திரும்பி வரும்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரே நேரத்தில் எல்லாரும் பூச வேண்டும், அடுத்த சனிக்கிழமை இன்னொரு முறை என்றேன். பெரியவர்களுக்குக் கழுத்திலிருந்து பாதம் வரை, பிள்ளைக்குத் தலையும் சேர்த்து. லில்லி பொறுப்பெடுத்துக்கொண்டாள். வீடு வீடாகப் போய் அவள் என்ன சொன்னாள் என்று பிறகு தெரிந்தது. மறுத்தவர்கள், நாணப்பட்டவர்கள் எல்லாரிடமும் ஒரே வசனம்தான்: "டாக்டரம்மாவுக்கே இருக்கு!" ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவதற்குள் கரை முழுக்கச் செய்தி போய்விட்டது.

திங்கட்கிழமை ஓ.பி.யில் கூட்டம் குறையும் என்று வசந்தா சொல்லியிருந்தாள். அன்று கூட்டம் கூடியது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டு வந்து, கதவைச் சாத்திவிட்டு, முழுக்கைச் சட்டையை மடித்து மணிக்கட்டைக் காட்டினார்கள். அரிப்பு இருக்கிறதா என்று கேட்டால் ஊரே இல்லை என்று சொல்லும். கையைக் காட்டு என்று கேளுங்கள், காட்டிவிடுவார்கள்.

இதைக் கேட்டுவிட்டு எல்லா முடிச்சும் சிரங்குதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்த நீள்பெயர் நோய் உள்ள பிள்ளைகளும் உண்டு. பிறகு அப்படி ஒரு பிள்ளையை நானே கண்டு அனுப்பியிருக்கிறேன், சாக்ஸைக் கழற்றிப் பார்த்துவிட்டு. இன்னொன்று, பூச்சி செத்த பிறகும் முடிச்சுகள் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் கிடக்கும். அதை முதல் நாளே தாயிடம் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அவள் இன்னொரு டாக்டரைத் தேடிப் போவாள், அவரும் ஏதாவது கருத்தரங்குக்குப் போய் வந்திருப்பார். டெல்பினிடம் நான் சொல்லியிருந்தேன். அதனால் முடிச்சுகளைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.

ஆனால் இரண்டாம் முறை மருந்து போட்ட வாரத்தில் ஒருநாள் காலை, ஆட்டோ நிற்பதற்குள் பிள்ளையோடு குதித்து ஓடி வந்தாள். செருப்புகூடப் போடவில்லை. வரிசையைத் தள்ளிக்கொண்டு நேராக என் மேசைக்கு வந்தாள்.

"டாக்டரம்மா, பிள்ளைக்கு என்னமோ ஆயிப்போச்சு! நேத்து எட்டு மணிக்குக் கண்ண மூடினவன் விடிஞ்சும் எழும்பல்ல. மூக்குல விரல வச்சு வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தேன். மூச்சு உண்டு. பாலு குடுத்தா ஒறக்கத்துலயே குடிக்கான். திரும்பவும் ஒறங்குகான். ஆட்டோவிலயும் எழும்பல்ல!"

பதறிப்போய் வாங்கினேன். துண்டையும் சட்டையையும் சாக்ஸையும் உரித்துவிட்டுத் தலை முதல் கால்வரை பார்த்தேன். காய்ச்சல் இல்லை. மூச்சு சீராக இருந்தது. உள்ளங்காலில் புதிதாக ஒரு கொப்புளம் இல்லை. உள்ளங்காலைச் சுண்டினேன். ஒரு கண்ணைத் திறந்து, யார் இவள் என்று என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டு, மறுபடி மூடிக்கொண்டான். நன்றாக இருக்கிற பிள்ளைதான் அவ்வளவு எரிச்சலோடு பார்க்கும்.

"டெல்பின், இவனுக்கு ஒண்ணுமில்ல. உறங்குறான். பிள்ளைகள் இப்படித்தான் உறங்கும்" என்றேன்.

"இப்பிடியா?" என்றாள்.

அவளுக்கு முதல் பிள்ளை. மற்ற பிள்ளைகள் எப்படி உறங்கும் என்று அவள் பார்த்ததில்லை. நான் இன்னொரு முறை சொன்னேன். பெஞ்சில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் ரத்தநோய் என்று சொன்ன அன்று அழாதவள். தண்ணீர் கொண்டுவர வசந்தா போனாள். டம்ளரோடு அவள் திரும்பி வருவதற்குள் டெல்பின் சுவரில் சாய்ந்து உறங்கிவிட்டிருந்தாள், வாயைத் திறந்துகொண்டு, குறட்டையோடு.

யாரும் எழுப்பவில்லை. காய்ச்சல் பிள்ளையோடு வந்த ஒரு அம்மா சத்தம் போடாமல் தன் பையை எடுத்து அவள் தலைக்கு அண்டை கொடுத்தாள். ஆல்வினை ஒரு தோளில் போட்டுக்கொண்டே நான் மதியம் வரை மற்ற பிள்ளைகளைப் பார்த்தேன். முதலில் விழித்தது அவன்தான்.